நெய்வேலிக்குப் போன பெரியம்மா

எல்லாம் ஒரு பல்லில் ஆரம்பித்தது.

அயர்லாந்து தேசத்தில், டப்ளின் நகரத்தில், என் பெரியம்மாவின் பேத்தி குடித்தனம் செய்கிறாள். அவள் குழந்தைக்கு முதல் பல் முளைத்தது. முளைத்த மறு நிமிஷமே அந்தப் பல்லைப் படம் பிடித்து, மாம்பலத்தில் இருக்கும் பெரியம்மாவின் கைபேசிக்கு அனுப்பிவிட்டாள். பெரியம்மாவுக்கு 82 வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தாள். கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குக் கவலை வந்தது.

"ஏண்டா, இந்தப் போன் கெட்டுப் போச்சுன்னா படமும் போயிடுமா?"

"போகாது, பெரியம்மா. அது மேகத்தில் பத்திரமாக இருக்கிறது" என்றேன்.

பெரியம்மா ஜன்னல் வழியாக ஆகாயத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். சித்திரை மாதத்து வானம். மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

"கேலி பண்றியா?"

கேலி இல்லை என்று விளக்கிச் சொன்னேன். மேகம் என்பது பேச்சுக்கு வைத்த பெயர். உண்மையில் அது பூமியின் மேல் நிற்கிற பெரிய பெரிய கட்டடம். 'டேட்டா சென்டர்' என்பார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடினால் சூடேறும். சூடேறினால் குளிர்விக்க வேண்டும். நம்முடைய சிறுசேரியிலும் அம்பத்தூரிலுமே இப்படிப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. விசாகப்பட்டினத்தில் 1500 கோடி டாலர் செலவில் மிகப் பெரிய மையம் ஒன்று அமைக்கப் போவதாக 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் அறிவித்தது. அங்கே தர்லுவாடா என்ற கிராமத்து விவசாயிகள், "எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டால் நாங்கள் எங்கே போவது?" என்று கிளம்பிவிட்டார்கள்.

பெரியம்மா விரல் விட்டு எண்ணினாள்.

"உன் மேகத்துக்கு நிலம் வேணும். தண்ணி வேணும். ராப்பகலா கரண்ட் வேணும். இது ஒண்ணும் புதுக் கதை இல்லைடா. நான் கண்ணால பார்த்த கதை. என்னை ஒரு தரம் நெய்வேலிக்கு அழைச்சுட்டுப் போ."

பெரியம்மா நெய்வேலியில் 22 வருஷம் குடித்தனம் செய்தவள். பெரியப்பாவுக்கு அங்கே அனல் மின் நிலையத்தில் உத்தியோகம். விஷயத்தை ஆசிரியரிடம் சொன்னேன். "பேஷாகப் போய் வாரும். ஆனால் பெரியம்மாவின் டிக்கெட்டை ஆபீஸ் கணக்கில் எழுதிவிடாதீர்!" என்று அனுமதி கொடுத்தார்.

பலா வாசனையோடு ஒரு பயணம்

சென்னையிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போகும் பஸ், விக்கிரவாண்டியில் திரும்பிப் பண்ருட்டியை நெருங்கும்போதே காற்றின் வாசனை மாறிவிடுகிறது. சாலையோரமெல்லாம் பலாப்பழக் குவியல். செம்மண் பூமி. கண்ணுக்கு எட்டிய மட்டும் முந்திரித் தோப்பு. பஸ் நின்ற இடத்தில் பெரியம்மா பத்துச் சுளை வாங்கினாள். "அந்தக் காலத்தில் இந்தக் காசுக்கு முழுப் பழமே வாங்குவேன்" என்று வியாபாரியிடம் சொல்லி, அவனிடமிருந்து இரண்டு சுளை கொசுறும் வாங்கிவிட்டாள்.

காடாம்புலியூர் தாண்டியதும் வடக்குத்து. சென்னைப் பெண்மணிகள் இந்த ஊரின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வீராணம் ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்கு அனுப்பும் நிலையம் இங்கேதான் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு முதல் நம் குழாய்களில் வரும் தண்ணீரில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. 2017-இல் சென்னை தாகத்தால் தவித்தபோது நெய்வேலிச் சுரங்கத்தில் இறைத்த தண்ணீரும் அதே குழாயில் ஏறி வந்தது. ஆக, இந்தப் பக்கத்து மண் நமக்கு விளக்கும் ஏற்றுகிறது, குடத்தையும் நிரப்புகிறது. நாம்தான் ஒரு நன்றிக் கடிதம்கூடப் போட்டதில்லை.

அடுத்து வந்தது ஆர்ச் கேட். நெய்வேலி நகரியத்தின் தலைவாசல். இறங்கினோம்.

வட்டங்களின் ஊர்

நம் ஊர்களில் தெருவுக்குச் சாமி பெயர் இருக்கும். தலைவர் பெயர் இருக்கும். நெய்வேலியில் எல்லாம் எண்தான். முதல் வட்டம், இரண்டாம் வட்டம் என்று வரிசையாக வட்டங்கள். அகலமான சாலைகள். இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துப் பந்தல் போட்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு தோட்டம், பின்னால் ஒரு கொல்லை. கொல்லையில் முருங்கை, மா, பலா. சென்னையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும் நமக்கு இதைப் பார்க்கப் பார்க்கப் பொறாமைதான் வருகிறது.

இந்த ஊரின் ஜாதகம் விசித்திரமானது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தம்முடைய நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கருப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. ஆராய்ச்சிக்கென்று தம் நிலத்தில் 600 ஏக்கருக்கு மேல் அவர் மனமுவந்து கொடுத்தார் என்று இன்றும் ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். காமராஜர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1956 நவம்பர் 14-ஆம் தேதி, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். தோண்டினார்கள், தோண்டினார்கள், நாலு வருஷம் தோண்டினார்கள். 1961 ஆகஸ்டில் கரி தட்டுப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் 50 மெகாவாட் யந்திரம் ஓட ஆரம்பித்தது. 1970-க்குள் அந்த மின் நிலையம் 600 மெகாவாட்டாக வளர்ந்தது.

"ருஷ்யாக்கார இஞ்சினீர்கள் எல்லாம் இங்கேதான் இருந்தாங்க. நான் 1963-இல் கல்யாணமாகி இங்கே வந்தபோது எனக்கு 20 வயசு. அந்த நாட்டுப் பெண்கள் கடைத்தெருவில் வெண்டைக்காயை முனை ஒடிச்சுப் பார்த்து வாங்கக் கத்துக்கிட்டாங்க. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்னு வேணுமானா எழுதிக்கோ" என்றாள் பெரியம்மா. எழுதிவிட்டேன்.

நம் பாட்டிமார்களுக்கு நெய்வேலி என்றால் மின்சாரத்தைவிட முன்னால் ஞாபகம் வருவது 'லெகோ'. பழுப்பு நிலக்கரியைப் பதப்படுத்தி, அமுக்கி, சின்னச் சின்னக் கட்டியாகச் செய்து வீடு வீடாக விற்றார்கள். விறகின் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த பெண்களுக்குப் புகையில்லாத லெகோ அடுப்பு பெரிய வரப்பிரசாதம். காஸ் அடுப்பு வந்ததும் லெகோ மறைந்துவிட்டது.

பெரியப்பா வேலை பார்த்த மின் நிலையமும் இப்போது ஓடவில்லை. 2020 செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக 1000 மெகாவாட் சக்தியுள்ள புதிய மின் நிலையம் வந்திருக்கிறது. விசாகப்பட்டினத்து 'மேகம்' ஒன்றுக்கே கிகாவாட் கணக்கில் மின்சாரம் வேண்டும். ஒரு கிகாவாட் என்பதும் அதே 1000 மெகாவாட்தான். அதாவது, நெய்வேலியின் புது மின் நிலையம் முழுவதும் இரவு பகலாக ஓடி, அத்தனையையும் அந்த ஒரு மையத்துக்கே கொட்ட வேண்டும்!

பழைய வீட்டில் ஒரு டம்ளர் காப்பி

பெரியம்மா குடியிருந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தோம். இப்போது அங்கே வேறொரு குடும்பம். "நாங்கள் இந்த வீட்டில் இருந்தவர்கள்" என்று சொன்னதுதான் தாமதம், வீட்டுக்கார அம்மாள் உள்ளே அழைத்து உட்கார வைத்துக் காப்பி கலந்துவிட்டாள்.

பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சுரங்கத்துக்கு வந்தது.

"எங்களுக்கு எல்லாம் இந்தக் கம்பெனிதாங்க. பிள்ளைங்க படிச்சது, கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரி எல்லாம். 2013-ல அரசாங்கம் பங்கை விக்கப் போறாங்கன்னு சேதி வந்ததும் ஊரே வேலை நிறுத்தம் பண்ணுச்சு. எங்க வீட்டுல பத்து நாளைக்கு மேல அடுப்பு சரியா எரியல. ஆனா யாரும் அசையல" என்றாள் அந்த அம்மாள்.

அது நடந்த கதைதான். அந்த ஆண்டு விற்பனைக்கு வந்த பங்குகளைத் தமிழ்நாட்டு அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. போராட்டம் முடிந்தது. 'எங்கள் கம்பெனி எங்களை விட்டுப் போகக் கூடாது' என்று ஒரு ஊர் போராடி ஜெயித்தது.

காப்பி டம்ளரை வைத்துவிட்டுப் பெரியம்மா கொல்லைப்புறம் போனாள். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கேதான் அந்தப் பால்காரம்மா நின்னா" என்றாள்.

"எந்தப் பால்காரம்மா?"

"நாங்க குடி வந்த புதுசு. தினம் விடியக்காலம் பால் ஊத்த வருவா. ஒரு நாள் பாலை ஊத்திட்டுப் போகாம இந்த இடத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. என்னம்மான்னு கேட்டேன். 'இங்கனதாம்மா எங்க கொல்லை இருந்துச்சு, ஒரு பலா மரம் நின்னுச்சு'ன்னா. அழலை, கோபப்படலை. சும்மா சொன்னா, அவ்வளவுதான். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன். குடிச்சுட்டுப் போனா. மறுநாள் நான் மறந்துட்டேன்டா. இந்தத் தோட்டத்தில் செம்பருத்தி வெச்சேன், அவரை போட்டேன், 22 வருஷம் இருந்தேன். அவ பேரைக்கூடக் கேட்டு வெச்சுக்கலை."

நகரியம் எழும்புவதற்கு முன்னால் இங்கே கிராமங்கள் இருந்தன. வயலும் கொல்லையும் இருந்தன. அந்த ஞாபகத்துக்குச் சாட்சியாக இன்றும் வில்லுடையான்பட்டு முருகன் கோயில் இருக்கிறது. வேலுக்குப் பதில் கையில் வில் பிடித்த முருகன். பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து காவடி காவடியாக வந்து குவிகிறார்கள். குடிகள் இடம் பெயர்ந்துவிட்டார்கள். சாமி மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறார்.

பூமிக்குள் ஒரு பள்ளத்தாக்கு

மறுநாள் காலை சுரங்கத்தைப் பார்த்தோம். சுரங்கம் என்றால் இருட்டுக் குகை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது திறந்தவெளிச் சுரங்கம். விளிம்பில் நின்று பார்த்தால் கீழே ஒரு பள்ளத்தாக்கே தெரிகிறது. மேல் மண் சிவப்பு, அதற்கடியில் மஞ்சள், வெள்ளை, கடைசியில் அடியாழத்தில் கருப்புப் பட்டையாகக் கரி. ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல வாளிகள் மண்ணைச் சீய்த்து அள்ளுகின்றன. அள்ளிய மண் மைல் கணக்கில் நீண்ட ரப்பர் பட்டையில் ஏறி ஓடுகிறது. கீழே நிற்கிற லாரி தீப்பெட்டி மாதிரி தெரிகிறது.

இந்தச் சுரங்கத்தின் பெரிய எதிரி தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கிறது. இறைக்காமல் விட்டால் அடித்தளத்தைப் பொத்துக்கொண்டு மேலே பீறிடும். ஆகவே ஒரு நிமிஷம் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த தண்ணீர் பரவனாற்றில் விழுந்து, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனமாகிறது. சுரங்கத்தைத் திட்டுகிற விவசாயியின் வயலிலேயே சுரங்கத் தண்ணீர் பாய்வதும் உண்டு. அதே சமயம், "எங்கள் கிணறு எத்தனையோ அடி இறங்கிவிட்டதே, அதற்கு யார் ஜவாப்?" என்று கேட்கும் விவசாயியும் பக்கத்திலேயே இருக்கிறார். 2023 ஆகஸ்டில் 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு, சுற்றுவட்டாரத் தண்ணீரில் பாதரசம் அளவுக்கு மிஞ்சி இருப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டது. பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

சுரங்கத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது நின்ற இடத்தில் நிற்காது. ஒரு பக்கம் கரி தீரத் தீர, இன்னொரு பக்கம் முன்னேறிக்கொண்டே போகும். முன்னால் இருப்பது வயலும் வீடும்.

வளையமாதேவி

அப்படி இரண்டாம் சுரங்கம் நடந்து வந்துகொண்டிருக்கும் திசையில் இருக்கும் ஊர் வளையமாதேவி. வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்புக்குப் பஸ், அங்கிருந்து ஆட்டோ. இங்கே செம்மண் இல்லை. கருமண். பார்த்த கண்ணுக்குக் குளிர்ச்சியாக நெல் வயல்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து நிலங்களை நிறுவனம் 2006-க்கும் 2013-க்கும் இடையில் கையகப்படுத்தியது. ஆனால் உடனே வேலி போடவில்லை. விவசாயிகள் வழக்கம் போல உழுதார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். இதற்கிடையில் 2014 ஜனவரி 1-ஆம் தேதி புதிய நிலம் எடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஈட்டுத்தொகை அதிகம். மறுவாழ்வு ஏற்பாடும் உண்டு. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பழைய சட்டம், அந்தப் பக்கம் புதுச் சட்டம் என்று ஆனால் மனஸ்தாபம் வராமல் என்ன செய்யும்?

2023 ஜூலை 26-ஆம் தேதி பெரிய பெரிய மண்வெட்டும் யந்திரங்கள் வளையமாதேவி வயலில் இறங்கின. பரவனாற்றைத் திருப்பி விட ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்ட வேண்டும். அதில் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்தான் பாக்கி. வயலில் பச்சை நெல் நின்றுகொண்டிருந்தது. அதன் மேலேயே யந்திரம் ஓடியது. அந்தக் காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு நாள் கழித்து, பாட்டாளி மக்கள் கட்சி நெய்வேலியில் நடத்திய முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்தது.

நிறுவனத்தின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். "நிலம் சட்டப்படி எங்களுடையது. பணம் கொடுத்தாகிவிட்டது. பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே சொன்னோம். கால்வாய் வெட்டாவிட்டால் சுரங்கம் நகராது, சுரங்கம் நகராவிட்டால் மின்சாரம் இல்லை" என்றார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி தண்டபாணி வேதனைப்பட்டார். அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கும்படியும், மற்ற நிலத்தில் நிற்கும் பயிரை அறுத்துக்கொண்டு செப்டம்பர் 15-க்குள் விவசாயிகள் நிலத்தை ஒப்படைக்கும்படியும் உத்தரவானது.

கால்வாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளோடு பெரியம்மா பேச்சுக் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும்.

"பணம் வாங்கலைன்னு சொல்ல மாட்டோங்கம்மா. அப்ப வாங்குன பணம் அப்பவே கரைஞ்சு போச்சு. கரண்டு வேணாம்னும் சொல்லலை. எங்க ஊட்டுலயும் மிக்சி ஓடுது, பேன் ஓடுது. ஆனா கதிர் வர்ற நேரத்துல பயிரை மிதிக்கலாமா? வயித்துப் பிள்ளைக்காரியைத் தள்ளி உட்ட மாதிரி இருந்துச்சு. முன்னாடியே வந்து, ஒரு பாயைப் போட்டு உக்காந்து, ஆத்தா உனக்கு என்ன வேணும்னு கேட்டிருந்தா, நாங்க என்ன கல்லா?"

பெரியம்மா பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் சொன்னாள். பெரியம்மா என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, தன் கையாலேயே அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டாள். அதை இங்கே அச்சுப் போட எனக்கு அனுமதி இல்லை.

எதிர்ப்பு எப்போதும் தோற்றுத்தான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். அதே 2023-இல், மார்ச் மாதக் கடைசியில், சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கிலும், வடசேரியிலும், மைக்கேல்பட்டியிலும் நிலக்கரி எடுக்க மத்திய அரசு ஏலம் அறிவித்தது. டெல்டா முழுவதும் கொதித்தது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று முதல் மந்திரி ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். சில தினங்களிலேயே அந்த மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே எதிர்ப்பு யந்திரத்துக்கு முன்னால் வந்தது. வளையமாதேவியில் யந்திரம் பேச்சுக்கு முன்னால் வந்துவிட்டது.

வடலூர் அடுப்பு

திரும்பும் வழியில் வடலூர் சத்திய தர்மசாலையில் சாப்பிட்டோம். பசித்தவர் யாராக இருந்தாலும் சோறு உண்டு. வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. நெய்வேலியின் கொதிகலன்களுக்கும் இந்த அடுப்புக்கும் நடுவே பத்து மைல்கூட இல்லை.

இந்தத் தர்மசாலைக்கு நிலம் எப்படி வந்தது தெரியுமா? பார்வதிபுரம் கிராமத்து ஜனங்கள் 80 காணி நிலத்தைத் தாங்களாகவே எழுதிக் கொடுத்தார்கள். வள்ளலார் கேட்டார், அவர்கள் கொடுத்தார்கள். 2024-இல் அந்தப் பெருவெளியில் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது, அதே பார்வதிபுரத்து ஜனங்கள், "எங்கள் முன்னோர் இதற்கா கொடுத்தார்கள்?" என்று வந்து மறித்தார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆகியும், நிலம் கொடுத்தது அந்த ஊருக்கு மறக்கவில்லை.

பெரியம்மா இலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கொடுத்த நிலத்துக்கு ஒரு மரியாதை இருக்குடா. எடுத்த நிலத்துக்கு விலைதான் இருக்கு. விலையில் கூடக் குறைய எவ்வளவு போட்டாலும் அந்த மரியாதை அதில் வராது."

டப்ளினிலிருந்து பதில்

வீடு திரும்பியதும் பெரியம்மா செய்த முதல் காரியம் பேத்தியைக் கூப்பிட்டதுதான். "உன் பிள்ளையோட பல் இருக்கிற மேகம் எந்த ஊர் நிலத்தில் இருக்குன்னு விசாரிச்சுச் சொல்லு" என்று உத்தரவு போட்டாள்.

பேத்தி கெட்டிக்காரி. இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. அயர்லாந்தில் 2023-ஆம் ஆண்டு செலவான மின்சாரத்தில் 21 சதவிகிதம் இந்த டேட்டா சென்டர்களுக்கே போயிற்றாம். நகரங்களில் இருக்கும் வீடுகள் அத்தனையும் சேர்ந்து செலவழித்ததைவிட அது அதிகமாம். ஆதன்ரை என்ற சிற்றூருக்கு அருகில் பெரிய மையம் ஒன்று கட்டப் போவதாக 2015-இல் ஆப்பிள் நிறுவனம் அறிவித்ததாம். சிலர் ஆட்சேபித்து வழக்குப் போட்டார்களாம். ஊரில் பெரும்பாலோர், "வரட்டும், வேலை கிடைக்கும்" என்று ஊர்வலம் போனார்களாம். வழக்கு இழுத்துக்கொண்டே போக, 2018 மே மாதத்தில் கம்பெனி, 'எங்களுக்கு வேண்டாம்' என்று கையைக் கழுவிவிட்டதாம்.

நெய்வேலியில் காப்பி கொடுத்த அம்மாளும், வளையமாதேவியில் ஆடு மேய்த்த அம்மாளும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். ஒருத்தி 'எங்களை விட்டுப் போகாதே' என்கிறாள். இன்னொருத்தி 'எங்களைக் கேட்காமல் வராதே' என்கிறாள். இரண்டும் நியாயம்தான். நடுவில் உட்கார்ந்து மிக்சியைச் சுழற்றிக்கொண்டும், கைபேசியைத் தட்டிக்கொண்டும் இருக்கிற நாம்தான் இத்தனை நாளும் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டோம்.

பேத்தி சொன்ன அத்தனையும் கேட்டுவிட்டு, பெரியம்மா அந்தப் பல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. வேணும்னவங்க ஊர்வலம் போனாங்க, வேணாம்னவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வெச்சு முதல்லே யாராவது கேட்டாங்களாமா?" என்றாள்.

அந்தக் கேள்வியையும் டப்ளினுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்.